ஒரு டிஷ், இரண்டு அறைகள்

சென்ற மாதம் ரொரன்ரோவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பத்திரிகை அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் என் எதிர் மேசையில் இருந்து பணியாற்றிய நண்பர் ஒருவரின் மகன் பேசினார். நண்பரும் அவருடைய மனைவியும் வடமராட்சியில் தங்கள் சொந்த வீட்டில் தனியே வாழ்கின்றனர். மகன் அண்மையில் ஊருக்கு வந்திருந்தபோது தாயாரின் அறையில் வைப்பதற்கென்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். கூரையில் ஏற்கனவே ஒரு டிஷ் இருக்கின்றது. அதிலிருந்தே அந்த அறைக்கும் இணைப்பு எடுக்கலாம் என்று ஆள் பிடித்துப் பேசியும் ஆயிற்று. தந்தையார் மறுத்துவிட்டார். "இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு ரீவி என்னத்துக்கு?" என்பது அவருடைய கேள்வி. வாங்கிய பெட்டி மட்டையை விட்டு வெளியே வராமல் சுவரோரத்தில் நிற்கின்றது.

"அங்கிள், நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார்" என்றார் மகன். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "ஆனால் அப்பா சொல்லுறார், இதை நீங்கள்தான் பேப்பரில் எழுதினீங்களாம்" என்றார்.

எழுதியது உண்மை. 1990களின் இறுதியில், என் வாராந்தப் பத்தியில், ஒரு வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சியே போதும் என்று எழுதியிருந்தேன். இரண்டாவது பெட்டி வந்த நாளிலிருந்து அந்த வீடு இரண்டு வீடாகிவிடுகின்றது என்ற பொருளில் அந்தப் பத்தி முடிந்தது. வாசகர்கள் பாராட்டிக் கடிதங்கள் எழுதினார்கள். எழுதியவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

நண்பர் கால் நூற்றாண்டு கழித்தும் அதை நினைவில் வைத்திருப்பது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அந்தப் பத்தியை நான் திருப்பி எடுத்துக்கொள்ள விரும்புகின்றேன். அச்சில் வந்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

அந்தப் பத்தியில் நான் எதை நினைத்து உருகினேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ரூபவாஹினி 1982 இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் அன்று ஒழுங்கைக்கு ஒரு வீட்டில் தொலைக்காட்சி இருந்தால் அதிகம். 1980களின் பிற்பகுதியில் கொடைக்கானலிலிருந்து தூரதர்ஷன் தெரியத் தொடங்கியபோது, கமுகு மரத்தை விடவும் உயரமான குழாய்களில் அன்ரனாக்களைப் பூட்டி வடமேற்கும் மேற்குமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப, இன்னொருவர் யன்னலில் நின்று "தெரியுது, தெரியுது, விட்டிடு" என்று கத்துவார். காற்று மாறினால் படம் போய்விடும். வெள்ளிக்கிழமைப் பாடல் நிகழ்ச்சிக்கு ஒழுங்கை முழுவதும் அந்த ஒரு வீட்டு விறாந்தையில் கூடும். 1990 இல் மீண்டும் போர் மூண்டு குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு அதுவும் இல்லை; சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. அதன் பின் கொழும்புக்கு வந்து, ஒவ்வொரு அறையிலும் ஒரு பெட்டி ஒளிரும் வீடுகளைப் பார்த்தபோது எனக்கு அந்த விறாந்தை நினைவு வந்தது. பத்தி பிறந்தது.

ஆனால் அந்த விறாந்தையில் யார் எங்கே இருந்தார்கள் என்பதை நான் எழுதவில்லை. ஆண்களுக்குக் கதிரை. சிறுவர்களுக்குப் பாய். பெண்கள் அறைக்கதவின் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். படம் சூடுபிடிக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் "தேத்தண்ணி இல்லையோ" என்று கேட்க, அவர்களில் இருவர் குசினிக்குப் போய்விடுவார்கள். திரும்பி வந்து, "என்ன நடந்தது?" என்று கேட்டால் "சும்மா இருங்கோ" என்ற பதில் கிடைக்கும். எல்லோரும் சேர்ந்து பார்த்தோம் என்று நான் எழுதியதில் இந்த "எல்லோரும்" என்ற சொல் மிகவும் தாராளமானது.

இனி என் சொந்த வீட்டுக் கதை. மகன் கேட்ட தொழில்நுட்பக் கேள்விக்கான விடையும் இதற்குள்தான் இருக்கின்றது. நான் அதைப் படித்தறியவில்லை, பட்டறிந்தேன்.

2007 இல் வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். மொட்டைமாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு டிஷ்தான் பூட்டலாம் என்பது நிர்வாகக் குழுவின் சட்டம். இந்திய அலைவரிசைகளைத் தரும் செய்மதிகள் நமக்கு வெகு உயரத்தில், கிழக்குப் பக்கமாக நிற்பதால், கடலைப் பார்த்த எங்கள் பல்கனியில் டிஷ் வைத்துப் பயனில்லை. லண்டனில் வீடுகளின் சுவர்களில் டிஷ்கள் நிமிர்ந்து நின்று அடிவானத்தை நோக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பூமத்தியரேகைக்கு அருகில் இருக்கும் நம் நாட்டில் அவை மல்லாந்து வானத்தைப் பார்க்கின்றன. இதனால் மழைநீரும் சருகும் காகத்தின் எச்சமும் நேரே அதற்குள் விழும். படம் தெரியாமற் போனால் முதலில் காகத்தைச் சந்தேகிப்பது கொழும்பு வழக்கம்.

அவ்வாண்டில் அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்தோம். முழங்கால் வருத்தத்தால் அவரால் அதிக நேரம் இருந்தெழும்ப முடியாது. பின்னறையில் கட்டிலுக்கு எதிரே 14 அங்குலப் பழைய பெட்டி ஒன்றை வைத்தோம். இணைப்புக்கு மிக எளிய வழியொன்றைக் கையாண்டேன். விறாந்தையிலிருந்த றிசீவர் பெட்டியின் பின்புறத்தில் ஆர்.எஃப். அவுட் என்று ஒரு துவாரம் இருக்கும். அதிலிருந்து ஒரு வயரை இழுத்து அம்மாவின் பெட்டியில் கொடுத்தேன். செலவு வயருக்கு மட்டும். படம் அருமையாகத் தெரிந்தது.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. றிசீவர் ஒன்றே என்பதால் முன்னறையில் எந்த அலைவரிசை ஓடுகின்றதோ அதுவேதான் பின்னறையிலும் ஓடும். அம்மாவின் கையிலிருந்த றிமோட்டினால் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், பெட்டியை நிறுத்தலாம். வேறு எதுவும் இயலாது. பகலில் என் மனைவி அம்மாவுக்குப் பிடித்த தொடர் நாடகங்களைப் போட்டுவிடுவார். மாலை 6 மணிக்கு நான் வந்ததும் முன்னறை றிமோட் என் கைக்கு வந்துவிடும்.

பத்திரிகைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரே செய்தியை ஐந்து அலைவரிசைகளில் பார்த்து, யார் எதை விட்டுவிட்டார்கள் என்று ஒப்பிட்டாலன்றி உறக்கம் வராது. அதற்குத் தொழில் என்று பெயர் சூட்டியிருந்தேன். 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்கள் எப்படிப்பட்டவை என்பதை இதை வாசிக்கும் எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் தங்கையின் குடும்பம் அப்போது வன்னிக்குள் அகப்பட்டிருந்தது. நான் இரவு 11 மணி வரை அலைவரிசைகளை மாற்றிக்கொண்டிருந்தேன். அரச தொலைக்காட்சி ஒன்றைக் காட்டும், இந்தியத் தொலைக்காட்சி இன்னொன்றைக் காட்டும். நான் குறிப்பெடுப்பேன். அத்தனையும், நான் தெரிவுசெய்த வேகத்தில், நான் தெரிவுசெய்த ஒழுங்கில், பின்னறையிலும் ஓடிக்கொண்டிருந்தன.

ஏப்ரலில் ஓரிரவு தண்ணீர்ப் போத்தலை வைப்பதற்காக அம்மாவின் அறைக்குள் போனேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு தலையணை உறை போட்டு மூடப்பட்டிருந்தது. துணிக்குள்ளிருந்து வெளிச்சம் மாறி மாறித் தெரிந்தது. சத்தம் முழுவதும் குறைக்கப்பட்டிருந்தது. பார்க்காவிட்டால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, நான் இதை நிப்பாட்டினால் உன்ர ரீவியும் நிண்டுபோகுமெண்டு நினைச்சன். ஒரே வயர்தானே" என்றார்.

எத்தனை நாட்களாக அப்படி மூடி வைக்கிறார் என்று மனைவியிடம் கேட்டேன். தை மாதத்திலிருந்து என்றார். தெரிந்திருந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

அந்த வாரமே புறக்கோட்டைக்குப் போனேன். எனக்கு அப்போதும் இந்த விடயத்தைக் குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்ற எண்ணமே இருந்தது. பழைய றிசீவர் பெட்டி ஒன்றையும், ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிற்றர் ஒன்றையும் வாங்கி, இரண்டாவது பெட்டிக்கென்று தனியாக ஒரு கார்ட்டும் எடுத்து, கூரையிலிருந்து வரும் வயரைப் பிரித்து இரண்டு அறைகளுக்கும் கொடுத்தேன். இப்போது அம்மாவுக்குத் தனி றிசீவர், தனி றிமோட். நாடகம் பார்த்தார். நான் செய்தி பார்த்தேன். நல்லது செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

இரண்டு நாட்களில் புதிய பிரச்சினை தொடங்கியது. நாடகம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் பெட்டியில் படம் உறைந்துபோய், "சிக்னல் இல்லை" என்று எழுத்து வரும். பத்து நிமிடம் கழித்துத் தானாகவே திரும்ப வரும். அம்மா காகம் என்றார். நான் மழை என்றேன். வானம் வெளித்திருந்தது. கடைசியில் டிஷ் பூட்டுகின்ற இளைஞர் ஒருவரை அழைத்தோம். ஹற்றன் பக்கத்தவர், மிகவும் கெட்டிக்காரர். மொட்டைமாடிக்குப் போகாமலே, வயர் பிரியும் இடத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், நீங்க 18 வோல்ட் அனுப்புறீங்க. அம்மா 13 அனுப்புறாங்க. மேல போற வயர் ஒண்ணுதான். கூட அனுப்புறவங்க சொல்றதத்தான் அது கேக்கும்."

அவர் விளக்கியதை எனக்கு விளங்கியவாறு தருகின்றேன். டிஷ் என்று நாம் சொல்லும் வட்டம் வெறும் கண்ணாடி போன்றது. 35,786 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வரும் அலையை ஒரு புள்ளிக்குக் குவிப்பது மட்டுமே அதன் வேலை. அந்தப் புள்ளியில் கொம்பின் நுனியில் இருக்கின்ற எல்.என்.பி. என்ற சிறிய உறுப்புத்தான் அலையை வாங்கி, வயருக்குள் செல்லக்கூடிய அளவுக்கு அதன் அதிர்வெண்ணை இறக்கி, கீழே அனுப்புகின்றது. செய்மதி தன் அலைகளை இரண்டு விதமாக அனுப்பும்: ஒன்று நிலைக்குத்து, மற்றது கிடை. சில அலைவரிசைகள் முதலாவதில், சில இரண்டாவதில். சாதாரண எல்.என்.பி. ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றைத்தான் கீழே அனுப்பும். எதை அனுப்ப வேண்டும் என்ற கட்டளையை றிசீவர் பெட்டி அதே வயரின் வழியாக மின்னழுத்தமாக மேலே அனுப்புகின்றது. 13 வோல்ற் போனால் நிலைக்குத்து. 18 வோல்ற் போனால் கிடை. 22 கிலோஹேர்ட்ஸில் இன்னொரு சமிக்ஞையும் உண்டென்று இளைஞர் தொடங்கினார். அதை இங்கே விட்டுவிடுகின்றேன்.

வயரை ஸ்பிளிற்றரால் பிரித்தால் இரண்டு பெட்டிகளும் ஒரே எல்.என்.பி.க்குக் கட்டளையிடும். இருவரும் ஒரே பக்கத்து அலைவரிசைகளைக் கேட்கும் வரை வீட்டில் சமாதானம். ஒருவர் 13, மற்றவர் 18 என்றால் கூடிய மின்னழுத்தமே வெல்லும். நான் விரும்பிப் பார்த்த செய்தி அலைவரிசைகளில் இரண்டு 18 வோல்ற் பக்கத்தில் இருந்தன. அம்மாவின் நாடகங்கள் 13 இல். நான் செய்திக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் பின்னறையில் நாடகம் உறைந்தது. நான் வேறு பக்கம் போனதும் அங்கே கதாநாயகி மீண்டும் அசையத் தொடங்கினாள். தனி றிமோட்டைக் கொடுத்த பின்பும் அம்மா என்ன பார்க்கலாம் என்பதை நானே முடிவு செய்துகொண்டிருந்தேன். முன்னர் தெரிந்து செய்ததை இப்போது தெரியாமல் செய்தேன், அவ்வளவே வித்தியாசம்.

இதற்குத் தீர்வு மிகவும் எளிது. டிஷ் ஒன்றே போதும். எல்.என்.பி.யை மாத்திரம் மாற்றி, இரண்டு வாய்கள் உள்ளதைப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு வாயிலிருந்தும் ஒவ்வொரு அறைக்குத் தனி வயர் இறங்கும். ஒருவருடைய கட்டளை மற்றவரை அண்டாது. நான்கு வாய்கள் உள்ளவையும் இருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்த வேலை ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்தது. ஸ்பிளிற்றருக்கும் பழைய வயருக்கும் அலைந்ததை நினைத்தால் முதலிலேயே இதைச் செய்திருக்கலாம்.

இனி என் பழைய வாதத்துக்கு வருகின்றேன். வீடு இரண்டாயிற்றா? நடந்தது இதுதான். இரவு 8 மணிக்கு என் மனைவி பின்னறைக்குப் போய்க் கட்டில் நுனியில் இருந்துவிடுவார். மாமியும் மருமகளும் நாடகத்தில் வருகின்ற மாமியையும் மருமகளையும் திட்டுவது முன்னறைக்குக் கேட்கும். சில நேரங்களில் இருவரும் ஒன்றாகச் சிரிப்பார்கள். திருமணமாகி முப்பது ஆண்டுகளில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவரும் வந்து சேர்ந்துகொண்டார். ஊர் விறாந்தை என் வீட்டில் மீண்டும் தோன்றியது. ஆனால் பின்னறையில், எனக்குக் கதிரை இல்லாமல்.

இழப்பு எதுவும் இல்லை என்று கூறமாட்டேன். அதன் பின் அம்மா இராச்சாப்பாட்டைத் தன் அறையிலேயே சாப்பிடத் தொடங்கினார். முன்பு முழங்கால் நோவோடு சுவரைப் பிடித்துக்கொண்டாவது மேசைக்கு வருவார். அந்த இருபது நிமிடங்கள்தான் நாங்கள் பேசிக்கொள்ளும் நேரம். அது நின்றுபோனது. எனக்கு அது பிடிக்கவில்லை. அவர் 2015 இல் காலமான பின்பும், இன்றும், அதை நினைத்தால் பிடிக்கவில்லை. ஆனால் மேசைக்கு வரவழைப்பதற்காக ஒருவருடைய நாடகத்தைப் பிடுங்கி வைத்திருப்பது பாசம் ஆகாது. நான்தான் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போயிருக்க வேண்டும். செய்தி நேரம் என்பதால் போகவில்லை.

இன்றைக்கு இந்த வாதமே பழையதாகிவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். கைத்தொலைபேசி இருக்கின்றது, அவரவர் திரை அவரவர் கையில், டிஷ்ஷே போகப் போகின்றது என்பார்கள். நகரத்து மொட்டைமாடிகளில் துருப்பிடித்து நிற்கும் டிஷ்களைப் பார்க்கும்போது அதில் உண்மை உண்டு. ஆனால் வடமராட்சி வீட்டை எண்ணிப் பாருங்கள். என் நண்பரிடம் நல்லதொரு கைத்தொலைபேசி உண்டு, மகன் அனுப்பியது. அதில் அவர் உலக அரசியலை எல்லாம் காதில் செருகிக்கொண்டு கேட்கின்றார் என்பதை எனக்கு அனுப்பும் காணொளிகளின் தொகையிலிருந்து அறிவேன். அந்த நேரத்தில் விறாந்தைத் தொலைக்காட்சியும் அவருக்காகவே ஓடிக்கொண்டிருக்கும். கண் பார்வை குறைந்த, சிறிய திரையைத் தடவிப் பழகாத மனைவிக்கு எஞ்சியிருப்பது அந்த ஒரு பெட்டிதான். இரண்டு பேருக்கு இரண்டு ரீவி எதற்கு என்று கேட்பவரிடம் ஏற்கனவே இரண்டு இருக்கின்றன.

செலவைப் பற்றிய கேள்வி நியாயமானது. இரண்டாவது பெட்டிக்குத் தனிக் கார்ட், மாதந்தோறும் தனிக் கட்டணம். 2022 இன் நெருக்கடிக்குப் பிறகு ஓய்வூதியத்தில் வாழும் குடும்பங்கள் ஒவ்வொரு சதத்தையும் எண்ணுகின்றன. ஆனால் இந்த வீட்டில் மகன் கட்டத் தயாராக இருக்கின்றார். மறுப்பு பணத்தினால் அல்ல.

கடந்த ஞாயிறு நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். நலம் விசாரித்து, பழைய அலுவலகக் கதைகள் பேசி, மெல்ல விடயத்துக்கு வந்தேன். அவர் என் பத்தியை எனக்கே ஒப்புவித்தார். நான் எழுதியது பிழை என்றேன். "வயசு போனால் எல்லாரும் இப்படித்தான் மாறுறது" என்றார். பிறகு, "அவளுக்கே வேண்டாமாம். நீயே கேட்டுப்பார்" என்று தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தார்.

"எங்களுக்கென்னத்துக்கு அண்ணை இன்னொண்டு? இருக்கிறது போதும்" என்றார் அவர்.

அப்படியே விட்டிருப்பேன். ஆனால் தலையணை உறை நினைவுக்கு வந்தது. இரவில் என்ன நாடகம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். எட்டரைக்கு என்று உடனே பதில் வந்தது. நாடகத்தின் பெயரைச் சொன்னார். கிரிக்கெட் தொடங்கிய பிறகு மூன்று கிழமையாகப் பார்க்கவில்லை என்றார். எந்த இடத்தில் விட்டது என்று கேட்டதும் குரல் தாழ்ந்தது. மூத்த மருமகளின் நகையை ஒளித்து வைத்தவள் யார் என்று வீட்டுக்குத் தெரியவருகின்ற நேரத்தில் விட்டதாம். அவள்தான் என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்றார்.

அன்றிரவே மகனுக்குச் செய்தி அனுப்பினேன்: இரண்டு வாய் எல்.என்.பி., இரண்டு வயர், கூரையில் இணைப்பு வருகின்ற இடத்தில் தண்ணீர் இறங்காமல் ரேப் சுற்றச் சொல்லவும், ஸ்பிளிற்றர் வேண்டாம். அப்பாவிடம் கேட்க வேண்டியதில்லை. ஆளை அனுப்பிவிட்டு, அம்மாவிடம் எட்டு மணிக்கு முன் வேலையை முடிக்கச் சொல்.